லேடி இன் சாட்டின் மறுவெளியீடு: எதை வாங்கலாம், அந்த ஒத்திகை டேப் தேவைதானா?

ஊசிமுனை:

அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் ‘லேடி இன் சாட்டின்’ ஆல்பத்துக்கு இங்கே தனி இழை இல்லை. இது காவியமா, போன குரலை வைத்துச் செய்த வியாபாரமா என்று ஜாஸ் பொது இழையில் பாதிச் சண்டையில் நின்றுபோனதை இங்கே தொடரலாம்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: 1958 பிப்ரவரியில், நியூயார்க் கிழக்கு 30ஆம் தெருவிலிருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் மூன்று அமர்வுகளில் பதிவான ஆல்பம் இது. பழைய தேவாலயக் கட்டடத்தை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தார்கள். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அடுத்த வருடம் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைப் பதிந்ததும் அதே கூடத்தில்தான். தயாரிப்பு இர்விங் டவுன்சென்ட். வாத்திய அமைப்பும் நடத்துதலும் ரே எல்லிஸ். ஏகப்பட்ட வயலின்கள், ஹார்ப், பின்னணியில் பெண் குரல்கள். நடுவே சரியான ஜாஸ் ஆட்களும் உண்டு: ட்ராம்போனில் ஜே.ஜே. ஜான்சன், அர்பி கிரீன், டிரம்பெட்டில் மெல் டேவிஸ், பியானோவில் மால் வால்ட்ரன், பேஸில் மில்ட் ஹின்டன், டிரம்ஸில் ஓஸி ஜான்சன். பாடல்கள் எல்லாம் அமெரிக்கப் பழைய காதல் பாட்டுகள். அடுத்த வருடம் ஜூலை 17ஆம் தேதி ஹாலிடே இறந்துவிட்டார்.

மறுவெளியீடுகள் குவிந்து கிடக்கின்றன. பேசத் தகுந்தவை என்று நான் நினைப்பது இரண்டுதான். ஒன்று, 1997இல் பில் ஷாப் தயாரித்த ஒற்றை சிடி. இன்னொன்று, ஹாலிடேயின் பிறந்த நூற்றாண்டை ஒட்டி 2015இல் வந்த மூன்று சிடி தொகுப்பு. 1997 சிடியின் கடைசியில் ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’ பாட்டு உருவான கதையை, ஸ்டுடியோ டேப்பிலிருந்து வெட்டி ஒட்டி, பத்து நிமிடம் போலக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று சிடி தொகுப்பில் அமர்வு டேக்குகள் (ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்தவை) இன்னும் நிறைய உண்டு.

வாங்குவதென்றால் எது என்பது ஒரு கேள்வி. பாடியவர் வெளியிடச் சொல்லாத டேப்பை இப்படி வெளியிடலாமா என்பதுதான் நிஜமான கேள்வி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியிட்டது நல்லது. அந்த டேப் இல்லாவிட்டால் இந்த ஆல்பத்தை இன்னமும் தப்பாகவே கேட்டுக்கொண்டிருப்போம்.

கடைசிபெஞ்சு:

ஸ்ட்ரீமிங்கில் முழுசாகக் கிடக்கிறதே, எதற்கு வாங்க வேண்டும்?

ஊசிமுனை:

கிடக்கிறதுதான். எது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் கிடக்கிறது. ஒரே அட்டைப்படத்தில் நாலைந்து இருக்கும், பாட்டு எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் வேறு.

மாம்பலம் மாமா:

பொது இழையில் சண்டையைத் தொடங்கியவன் என்ற முறையில் ஆஜராகிறேன்.

எனக்கு இந்த ஆல்பம் வேண்டாம். 1935இலிருந்து பியானோக்காரர் டெடி வில்சன் குழுவோடு பாடியதைக் கேட்டவர்களுக்கு இது தாங்காது. அந்தக் குரல் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வரும். ஆனால் எப்போது வந்து சேரும் என்று அதற்குத் தெரியும். கூடவே லெஸ்டர் யங் சாக்ஸபோனில் பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லுவார். 1958இல் அந்தக் குரல் போய்விட்டது. தொண்டை வறண்டு, மேல் ஸ்தாயி கிட்டத்தட்ட இல்லாமல், வாக்கியக் கடைசியில் ஸ்வரம் நிற்காமல் உதிர்கிறது. அதை மறைக்கத்தான் கம்பெனி வயலின்களைக் கொண்டுவந்து கொட்டியது. பிறகு அவர் செத்துப்போனதும் ‘கடைசிக் காலக் காவியம்’ என்று விற்றார்கள். மறுவெளியீடு என்று அதையே ஐந்தாறு முறை விற்கிறார்கள். இதில் ஒத்திகை டேப் வேறு. நோயாளி அறையில் கேமரா வைத்த மாதிரி இருக்கிறது.

அந்தப் பின்னணிக் கோரஸைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் மாடரேட்டர் நீக்கிவிடுவார்.

ஊசிமுனை:

கோரஸ் விஷயத்தில் உங்களோடு நானும் நிற்கிறேன் மாமா. மற்றதில் இல்லை.

‘கம்பெனி வயலின்களைக் கொட்டியது’ என்பது ரொம்ப நாளாகச் சுற்றும் கதை. நடந்தது நேர் எதிர். ரே எல்லிஸ் அதற்கு முன்பு ‘எல்லிஸ் இன் வொண்டர்லேண்ட்’ என்று ஒரு வாத்திய இசை ஆல்பம் போட்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு இந்த ஆள்தான் வேண்டும் என்று கேட்டவர் ஹாலிடே. டவுன்சென்டுக்கே அது ஆச்சரியம். ஜாஸ் பாடகிக்குப் பொருந்தாத ஆள் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். அழகான, மென்மையான ஆல்பம் வேண்டும் என்று ஹாலிடே உறுதியாக இருந்தார்.

இது கடைசிக் கால ஆசையும் கிடையாது. 1944 அக்டோபரில் டெக்கா கம்பெனிக்காக ‘லவர் மேன்’ பாடியபோதே தயாரிப்பாளர் மில்ட் கேப்ளரிடம் வயலின்கள் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஜாஸ் பாடகிக்கு அப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. அவருக்கு அப்போது 29 வயது, குரலில் ஒரு கீறலும் கிடையாது. மறைக்க ஒன்றும் இல்லாத காலத்திலேயே வயலின் கேட்டவர், 1958இல் மறைப்பதற்காகக் கேட்டார் என்று எப்படிச் சொல்வது?

நீலாம்பரி:

மறைப்பதற்கு என்ற வாதம் காதிலேயே நிற்காது. முதல் பாட்டு ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். வயலின்களும் குரல் குழுவும் பெரிதாக எழும்பி ஒரு சினிமா திரை விலகுவது போலத் திறக்கின்றன. அதற்குள் இந்தக் குரல் நுழைகிறது: காய்ந்த, சற்றே கரகரத்த, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். ஒரு கீறலை மறைக்க வேண்டுமென்றால் வழுவழுப்பான துணியை அதன் பக்கத்தில் விரிக்க மாட்டார்கள். கீறல் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஒவ்வொரு மெய்யெழுத்தும் காதில் விழுகிறது. நீட்ட வேண்டிய சொல்லை அவர் நீட்டுவதில்லை. கொஞ்சம் அதிரவிட்டு விட்டுவிடுகிறார், மிச்சத்தை வயலின் எடுத்துக்கொள்கிறது. எல்லிஸ் அதற்கு இடம் விட்டு எழுதியிருக்கிறாரா, அல்லது இவர் எல்லிஸ் எழுதியதில் இடம் கண்டுபிடித்தாரா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பாட்டை எழுதிய மூவரில் ஒருவர் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா. 1951இல் அவரே பாடிப் பதிந்தும் இருக்கிறார். தன்மேல் அதிகத் தாக்கம் செலுத்திய ஒரே ஆள் பில்லி ஹாலிடே என்று 1958இல் ‘எபனி’ இதழில் வெளிப்படையாகச் சொன்னவரும் அவர்தான். மாணவன் எழுதிய பாட்டை ஆசிரியை எடுத்து, ‘இப்படிப் பாடணும்’ என்று காட்டியதாக நான் கேட்டுக்கொள்கிறேன்.

திருவையாறு பாசஞ்சர்:

நம் சங்கீதக்காரர்களுக்கு இது புரியாமல் இருக்காதே. எண்பது தாண்டிய செம்மங்குடியின் கச்சேரிக்குக் கூட்டம் வந்ததா இல்லையா? சாரீரத்தைக் கேட்கவா வந்தார்கள்?

மாம்பலம் மாமா:

அந்த ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. செம்மங்குடிக்கு எண்பது. இந்த அம்மா பிறந்தது 1915 ஏப்ரல் 7. பதிவு நடந்தபோது வயது 42. நாற்பத்திரண்டு வயதில் எண்பது வயதுக் குரல் வந்ததை நாம் ரசிக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

நீலாம்பரி:

இது நியாயமான உறுத்தல். பதில் யோசித்துச் சொல்கிறேன்.

ரொறன்ரோ குளிர்:

எல்லாருக்கும் வணக்கம். சண்டைக்குள்ள போறதுக்கு முன்னம், மோனோ ஸ்ரீரியோ விசயத்தை ஒருக்கால் தெளிவாக்கிவிடுவம். அது விளங்காமல் எந்தப் பதிப்பை வாங்கிறது எண்டு முடிவெடுக்க ஏலாது.

1958இல் கொலம்பியா இந்த அல்பத்தை மோனோவிலும் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) ஸ்ரீரியோவிலும் (இடம், வலம் எண்டு ரெண்டு தடத்தில்) வெளியிட்டது. மோனோ எல்பி இசைத்தட்டில் 12 பாட்டு. ஸ்ரீரியோ எல்பியில் 11 தான். விடுபட்டது ‘தி எண்ட் ஆஃப் எ லவ் அஃபேர்’. காரணம் இதுதான்: அந்தப் பாட்டு ஹாலிடேக்கு ஒழுங்காகத் தெரியாது. இசைக்குழுவை மணிக்கணக்கில் காக்கவைக்க முடியாது, அத்தனை பேருக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வாத்தியப் பகுதியை மட்டும் முதலில் பதிந்துவிட்டு, அவருடைய குரலைப் பிறகு அதன் மேல் சேர்த்தார்கள். அந்தச் சேர்க்கை மோனோவில் மட்டும்தான் நடந்தது. ஸ்ரீரியோவில் குரலோடு முழுப் பாட்டு இல்லாததால் ஸ்ரீரியோ எல்பியில் போட வழியில்லை.

1997இல் பில் ஷாப் செய்த வேலை என்னவென்றால், ஸ்ரீரியோவில் தனியாக இருந்த வாத்தியப் பகுதியையும் குரலையும் பொருத்தி அந்தப் பாட்டுக்கு முதல்முறையாக ஒரு ஸ்ரீரியோ வடிவம் உண்டாக்கினார். பழைய மோனோவும் அதே சிடியில் இருக்குது. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கோ. எனக்கு மோனோதான் பிடிக்கும், குரலும் வாத்தியமும் ஒட்டி நிற்கும். ஆனால் ஸ்ரீரியோவில் அந்தக் கூடத்தின் உயரம் தெரியும்.

ஆகவே ஒண்டுதான் வாங்குவன் எண்டால் 1997. மூன்று சிடி தொகுப்பு பைத்தியங்களுக்கு. என்னட்டை ரெண்டும் இருக்கு.

ஊசிமுனை:

அருமை அண்ணா. முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டிய விளக்கம் இது.

இதிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. இந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை, குடியாலும் ஹெராயினாலும் சிதைந்த ஒரு பெண் மைக் முன் நின்று தன் சாவைப் பாடினாள் என்பது. அந்தப் பத்து நிமிட டேப்பில் இருப்பவர் அந்தப் பெண் இல்லை. தெரியாத பாட்டைக் கற்றுக்கொள்கிற ஒரு தொழில்காரி இருக்கிறார். மெட்டு எங்கே போகிறது என்று தேடுகிறார், தப்புகிறது, மறுபடி பிடிக்கிறார். பிறகு முழு டேக் வரும்போது, சற்று முன்பு தடுமாறின இடத்தை அவர் மெட்டுப்படி திருத்தவில்லை. தன் வழியில் வேறொன்றாக மாற்றியிருக்கிறார். 1936இல் டெடி வில்சனோடு பாடியபோது செய்ததும் இதே வேலைதான்: கையில் கொடுத்த சுமாரான பாட்டின் மெட்டைச் சுருக்கி, தட்டையாக்கி, தாளத்தை நகர்த்தித் தன்னுடையதாக்குவது. தொண்டைதான் மாறியிருக்கிறது, மூளை மாறவில்லை. இதை ஆல்பம் மட்டும் கேட்டு யாராலும் நிரூபிக்க முடியாது. டேப் இருப்பதால் முடிகிறது.

மாமா ‘நோயாளி அறை கேமரா’ என்றார். எனக்கு அது பட்டறையைப் பார்த்த மாதிரி இருந்தது.

மாம்பலம் மாமா:

பட்டறையைப் பார்க்கப் பட்டறைக்காரர் அனுமதி வேண்டாமா? அவர் வெளியிடச் சொன்னது முடிந்த பாட்டை. தேடித் தடுமாறினதை இல்லை. உயிரோடிருக்கும் பாடகர் யாராவது தன் தப்பு டேக்குகளை விற்கச் சம்மதிப்பாரா?

இன்னொன்று. ரே எல்லிஸே பதிவு முடிந்ததும் திருப்தியில்லை என்று சொன்னவர். அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

நீலாம்பரி:

முழுசாகச் சொல்லுங்கள் மாமா. பதிவு முடிந்து டேக்குகளைக் கேட்டபோது எல்லிஸுக்குத் திருப்தியில்லை, அது உண்மை. சில வாரம் கழித்து இறுதி மிக்ஸைக் கேட்டபோதுதான், தான் சங்கீதக் கணக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம், உணர்வைக் கேட்கவில்லை என்று புரிந்தது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ‘ஐ’ம் எ ஃபூல் டு வான்ட் யூ’வைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது ஹாலிடேயின் கண்ணில் நீர் இருந்தது என்று சொன்னவரும் அவர்தான்.

உங்கள் 42 வயதுக் கேள்விக்கு வருகிறேன். அந்தக் குரலுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘சிதைவை ரசிக்கிறோம்’ என்பது கேட்பவரைப் பொறுத்தது. மைல்ஸ் டேவிஸ் 1958இல் ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃபிடம் பேசும்போது, அந்தப் பழைய ஹாலிடேயைவிட இப்போதைய ஹாலிடேயைக் கேட்பதே தனக்கு விருப்பம், பக்குவம் கூடியிருக்கிறது என்கிற பொருளில் சொன்னார். இந்த ஆல்பத்தைக் குறித்து மட்டும் சொன்னதல்ல, பொதுவாக அவருடைய அந்தக் காலப் பாட்டைப் பற்றி. மைல்ஸ் இரக்கப்பட்டுப் பாராட்டும் ஆள் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசிபெஞ்சு:

மைல்ஸ் யாரையாவது பாராட்டினார் என்பதே எனக்குச் செய்தி.

பேட்டை ராப்:

சண்டைக்கு நடுவில் ஒரு புலம்பல். இந்த ஆல்பத்தை வினைலில் வாங்க ஆசைப்பட்டு ஓர் இணையக் கடையில் மலிவாக ஐரோப்பியப் பதிப்பு ஒன்று வாங்கினேன். அட்டையில் ‘180 கிராம்’, ‘கலெக்டர் பதிப்பு’ என்று பொன்னெழுத்து. படம் வேறு. கடைசியில் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் வேறு ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டு. கேட்டால் சிடியைத் தட்டில் ஊற்றின மாதிரி ஒரு வறட்டு ஒலி. ‘ச’ வரும் இடமெல்லாம் ஊசி சீறுகிறது. இது எப்படிச் சட்டப்படி விற்கிறார்கள்? கொலம்பியா கேட்காதா?

கோர்ட்டு வாசல்:

கேட்க முடியாது தம்பி. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுதான். 1958இல் வந்த ஆல்பத்துக்கு 2008 கடைசியோடு முடிந்துவிட்டது. பிறகு அதை 70 ஆண்டாக நீட்டினார்கள், 2013 நவம்பரிலிருந்து அமல். ஆனால் ஏற்கெனவே உரிமை போன பதிவுகளுக்கு அது திரும்பி வராது. 1962 வரைக்குமான ஆல்பங்கள் அங்கே பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் ஒரு சிடியை வாங்கி, அதிலிருந்து தட்டு அச்சடித்து விற்கலாம். மூல டேப் கொலம்பியாவின் வாரிசான சோனியிடம் இருக்கும். அது இவர்களுக்குக் கிடைக்காது. அதனால்தான் உனக்கு அந்த வறட்டு ஒலி.

அமெரிக்காவில் கதை வேறு. 2018இல் வந்த சட்டப்படி, 1957க்கும் 1972 பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வந்த பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி வரை பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு. பாட்டை எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனிக் கணக்கு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வாங்குமுன் அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் கொலம்பியா, லெகசி, சோனி என்று ஏதாவது இருக்கிறதா பார். அது இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பேட்டை ராப்:

நன்றி சார். பொன்னெழுத்தைப் பார்த்தேன், சின்ன எழுத்தைப் பார்க்கவில்லை.

ரொறன்ரோ குளிர்:

ஒரு சின்னச் சேர்க்கை. அதிகாரபூர்வப் பதிப்பு என்றாலே சரி என்றும் நினைக்காதேங்கோ. இதே கூடம், இதே கம்பெனி: ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் பக்கம் பதிந்த நாள், மூல ஒலிநாடா ஓடின இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடினது. அதைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி கூடிக் கேட்கும். அந்தப் பக்கத்து மூன்று பாட்டையும் 1990கள் வரைக்கும் உலகமே கூடின சுருதியில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுவெளியீட்டுக்காக மாற்று ஒலிநாடாவைத் தேடி எடுத்த பிறகுதான் திருத்தினார்கள். மறுவெளியீடு என்றால் பழையதைத் திரும்ப விற்கிறது மட்டும் இல்லை எண்டு மாமாவுக்குச் சொல்லத்தான் இந்தக் கதை.

மாம்பலம் மாமா:

வேகத்தைத் திருத்துவதும் ஒத்திகையை வெளியிடுவதும் ஒன்றா? முதலாவது பாடினவருக்குச் செய்யும் மரியாதை. இரண்டாவது?

ஊசிமுனை:

இரண்டாவது கேட்பவருக்குச் செய்யும் உதவி. இரண்டும் ஒன்றில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். தப்பு டேக் எல்லாவற்றையும் கொட்டுவதை நானும் ஆதரிக்கவில்லை. மூன்று சிடி தொகுப்பில் ஒரே பாட்டின் அரைகுறைத் தொடக்கங்கள் சில இடங்களில் அலுப்புத்தான். 1997இல் ஷாப் செய்தது அப்படியில்லை. ஒரே ஒரு பாட்டை எடுத்து, அது எப்படி உருவானது என்று கோத்துக் காட்டினார். அந்த ஆள் பல காலம் வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர், சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைப் பற்றித் தினமும் காலையில் பேசியவர். அவருக்கு ஒரு டேப்பில் எந்த நிமிடம் கதை சொல்லும் என்று தெரியும். தொகுப்பாளர் யார் என்பதைப் பொறுத்தது இது.

தறி:

அனுமதி என்று பேசுகிறீர்கள், ஒரு விஷயத்தை நினைவுபடுத்துகிறேன். 1947இல் ஹாலிடே போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்று மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் சிறையில் இருந்துவிட்டு, 1948இல் வெளியே வந்தார். அதோடு நியூயார்க் போலீஸ் கொடுக்கும் காபரே அட்டை அவருக்குக் கிடைக்காமல் போனது. அந்த அட்டை இல்லாமல் நகரில் மது விற்கும் இடங்களில் பாட முடியாது. கார்னகி ஹாலில் பாடலாம், சின்ன கிளப்பில் பாடக்கூடாது! தன் ஊரில் தினசரி தொழில் செய்யும் இடத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்ட பிறகு, அவர் நினைத்தபடி வேலை செய்ய மிஞ்சியவற்றில் ஸ்டுடியோவும் ஒன்று. அங்கே நடந்ததைக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை.

சாகும்போதும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே கைது செய்து, வாசலில் போலீஸ் நிறுத்தினார்கள். அது தனிக் கதை.

நீலாம்பரி:

அந்தக் கதையை வைத்துத்தான் எல்லோரும் ஆல்பத்தைக் கேட்கிறார்கள் தறி. ஆஸ்பத்திரி, வங்கியில் மிஞ்சின சில்லறை... ஊசிமுனை சொல்வதை அங்கேதான் நான் ஏற்கிறேன். 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி. ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ பாடினார், லெஸ்டர் யங் எழுந்து நின்று சின்னதாக ஒரு சோலோ வாசித்தார், இவர் தலையசைத்துக் கேட்கிறார். ‘லேடி இன் சாட்டி’னுக்கு இரண்டரை மாதம் முன்பு. வட்டமாக நிற்கும் பெரிய வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, யார் எங்கே என்ன வாசிக்கிறார்கள் என்று அத்தனையும் காதில் வாங்கிக்கொண்டிருக்கிற ஆள் அவர். சாகக் கிடக்கிறவரின் முகம் அது இல்லை.

திருவையாறு பாசஞ்சர்:

ஒரு உபகதை. ஆல்பத்தில் ‘ஐ கெட் அலாங் வித்தவுட் யூ வெரி வெல்’ இருக்கிறதே, ஹோகி கார்மைக்கேல் மெட்டு. ஏதோ பத்திரிகையில் வந்த கவிதையை ஒரு நண்பர் கொடுக்க, அதை வைத்து மெட்டுப் போட்டார். எழுதியவர் யாரென்று தெரியாமல் ரொம்பத் தேடி, கடைசியில் ஜேன் பிரவுன் தாம்ப்சன் என்ற பெண்மணி என்று கண்டுபிடித்தார்கள். 1939இல் பாட்டு முதன்முதலாக வானொலியில் ஒலிக்கும் முந்தின நாள் அவர் இறந்துவிட்டார். பாட்டைக் கேட்கவேயில்லை.

கடைசிபெஞ்சு:

ஐயா, இதற்குமேல் சோகம் தாங்காது. எனக்கு ஒரு நேரடிக் கேள்வி: இந்த அம்மா பாட்டு ஒன்றுகூடக் கேட்காத ஒருத்தன் இதிலிருந்து தொடங்கலாமா?

மாம்பலம் மாமா:

கூடாது. டெடி வில்சன் குழுவோடு பாடியவற்றில் தொடங்கு. துள்ளலாக இருக்கும், மூன்று நிமிடத்துக்குள் முடியும். அப்புறம் 1939இல் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’. அப்புறம் டெக்கா. இது கடைசி.

நீலாம்பரி:

நான் இதிலிருந்துதான் தொடங்கினேன், ஒன்றும் ஆகவில்லை. ‘யூ’வ் சேஞ்ச்ட்’ மட்டும் ஒருமுறை கேளுங்கள், ஹெட்போனில், மோனோவோ ஸ்டீரியோவோ எதுவும் பரவாயில்லை. அதில் பாட்டின் தலைப்பை அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் யாரிடம் சொல்கிறார் என்று கவனியுங்கள். முதலில் எதிரில் இருப்பவரிடம் சொல்வது போல இருக்கும். போகப்போக எதிரில் ஆள் இல்லை. பிடித்தால் மாமா சொன்ன வரிசைக்குப் போங்கள். பிடிக்காவிட்டாலும் போங்கள், அந்த வரிசை நல்ல வரிசை.

கடைசிபெஞ்சு:

கேட்டேன். குரல் முதலில் ‘என்ன இது’ என்று இருந்தது, உண்மையைச் சொன்னால் நிறுத்தப் பார்த்தேன். பாதியில் நிறுத்த முடியவில்லை. வயலின் எனக்குத் தொந்தரவாகவே இல்லை. நம் ஊர்ப் பழைய சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு நாற்பது வயலின் எல்லாம் ஒரு கணக்கா?

மாம்பலம் மாமா:

சரி, நானும் அந்தப் பத்து நிமிட டேப்பை இன்று போட்டேன். இதுவரை ஒருமுறைதான் கேட்டிருந்தேன், அதுவும் வேறு வேலைக்கு நடுவே. ஊசிமுனை சொன்ன இடம் எது என்று புரிந்தது. தடுமாறின திருப்பத்தை டேக்கில் கீழே இறக்கிப் போட்டுத் தாண்டுகிறார். சாமர்த்தியம்தான். 1936க் காதோடு கேட்டால் அதே ஆள் என்று தெரிகிறது.

ஆனாலும் என் கட்சி மாறவில்லை. அந்த டேப் ஆராய்ச்சிக்காரர்களுக்கு நூலகத்தில் இருக்கட்டும். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் ஸ்டுடியோப் பேச்சு ஆரம்பிப்பது எனக்கு ஒத்துவராது. கோரஸைப் பற்றி இப்போதும் எதுவும் சொல்லவில்லை.

ஊசிமுனை:

சிடியில் 12ஆவது பாட்டோடு நிறுத்தும் பொத்தானை அமுக்கலாமே மாமா, அதற்குத்தானே ரிமோட்.

எல்லிஸோடு ஹாலிடே இன்னொரு ஆல்பமும் பதிந்திருக்கிறார், எம்ஜிஎம் கம்பெனிக்காக, 1959 மார்ச்சில். இறந்த பிறகு வெளிவந்தது. அதில் பெரிய இசைக்குழு இல்லை, வயலின்களும் குறைவு. ‘குரலை மறைக்க வயலின்’ கட்சிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து பேசினால் வாதம் இன்னும் சுவாரசியமாக இருக்கும்.

தறி:

அதற்குத் தனி இழை போடுங்கள், இங்கேயே இழுத்தால் பழைய கதை ஆகிவிடும்.

பேட்டை ராப்:

1997 சிடி பழசாக யாரிடமாவது இரண்டு இருந்தால் சொல்லுங்கள். சென்னைக்குள் என்றால் நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுத்தான் காசு.

ரொறன்ரோ குளிர்:

என்னட்டை ரெண்டாவது பிரதி இருக்கு தம்பி, ஆனால் அனுப்புற செலவு சிடியைவிடக் கூட வரும். மார்கழியில் சென்னைக்கு வாறன், கையோட கொண்டுவாறன். தனிமடல் போடும்.